டச்சப் செயலிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

கல்யாணப் படத்தின் ஓரத்தில் குப்பைத்தொட்டி தெரிகிறது, முகத்தில் பாதி நிழல். முன்பெல்லாம் இதற்கு ஸ்டூடியோக்காரரிடம் போவோம். இப்போது பிளே ஸ்டோரில் ‘ஏஐ போட்டோ எடிட்டர்’ என்று தேடினால் செயலிகள் வரிசைகட்டி நிற்கின்றன. எது அழகாகச் செய்கிறது என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். படம் எங்கே போகிறது என்பதை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்?

சில செயலிகள் போனுக்குள்ளேயே திருத்தும். சில, படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் திருத்தும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டுத் திருத்திப் பாருங்கள். இன்டர்நெட் கேட்டு அடம்பிடித்தால் உங்கள் படம் வெளியூர் போக வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம்.

வெளிச்சம் கூட்ட, வெட்ட, சின்னக் கறையை அழிக்க கூகுளின் ஸ்னாப்சீட் தாராளமாகப் போதும்; காசும் இல்லை. குறுக்கே வந்த ஆளையோ மின்கம்பியையோ நீக்க, கூகுள் போட்டோஸின் மேஜிக் இரேசர் 2024 முதல் எல்லோருக்கும் இலவசம். (பேக்கப்பை ஆன் செய்திருந்தால் படம் ஏற்கெனவே கூகுளிடம்தான் இருக்கிறது, அது வேறு கதை.) சில சாம்சங் போன்களில் ஏஐ வேலையைப் போனுக்குள்ளேயே முடிக்கச் சொல்லும் வசதி செட்டிங்கில் உண்டு.

வெளிச் செயலிதான் வேண்டுமென்றால் விதிமுறையில் படத்தின் உரிமை பற்றிய பத்தியையாவது படியுங்கள். 2019-ல் முகத்தை முதுமையாக்கிக் காட்டிய ஃபேஸ்ஆப் உலகமெங்கும் பரவியபோது, பயனர் படங்களை நிரந்தரமாக, காசு தராமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதன் விதிமுறையில் இருந்தது பெரிய சர்ச்சையானது. நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நமக்கே என்கிறது 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். ‘ஐ அக்ரீ’ என்று ஒரு தட்டு தட்டி அதில் பங்கு கொடுத்துவிடுகிறோம். கேலரி முழுவதற்கும் அனுமதி கேட்டால், புதிய போன்களில் ‘தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்’ என்பதைக் கொடுங்கள். குழந்தைகள் படம், ஆதார் தெரியும் படம் எதையும் வெளிச் செயலியில் ஏற்றாதீர்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது முகம். மங்கிப்போன பழைய படத்தைத் ‘தெளிவாக்கும்’போது, இல்லாத விவரத்தை ஏஐ ஊகித்துத்தான் நிரப்புகிறது. 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற மென்பொருள், மங்கலாக்கிய ஒபாமா படத்தை வெள்ளைக்காரர் முகமாக ஆக்கிக் கொடுத்தது. அப்பத்தாவின் மூக்குத்தியும் கன்னத்து மருவும் அப்படியே இருக்கின்றனவா என்று மூலப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுச் சட்டம் போடக் கொடுங்கள். மூலத்தை அழிக்காதீர்கள். பரு நீக்கும் பட்டனே நிறத்தையும் சேர்த்து வெளுத்துவிடும் கூத்தும் நடக்கிறது. விசா, பாஸ்போர்ட் படங்களில் கைவைக்கவே வேண்டாம். தோற்றம் மாறும்படி திருத்திய படத்தை அமெரிக்க விசாவுக்கு ஏற்பதில்லை.

அடுத்தது பணம். ‘3 நாள் இலவசம்’ என்று சேர்ந்தால், செயலியை அன்இன்ஸ்டால் செய்தாலும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும்; யூபிஐ ஆப்பில் ஆட்டோபேயையும் பாருங்கள். தானாகப் பணம் எடுக்குமுன் 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ரத்து செய்யவிடாமல் இழுத்தடிக்கும் ‘சந்தாப் பொறி’யை நியாயமற்ற வணிக முறை என்று 2023-ல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் முகத்தை யாராவது ஆபாசமாக மார்ஃப் செய்துவிட்டால், முதலில் ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும் எடுத்து வையுங்கள். பதற்றத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்தச் சமூக ஊடகத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள்; இத்தகைய படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டுமென்று 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளே கெடு வைத்தன. கூடவே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் கேட்டு யாராவது மிரட்டி, நீங்கள் கொடுத்தும்விட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற தளமும் உதவும். படத்தை அதற்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாக்கி, அதை மட்டும் ஊடக நிறுவனங்களுக்குக் கொடுத்துத் தடுக்கச் சொல்கிறது.