காரைச் சிக்கனமாக்கியது யார்?

1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களிலேயே உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. அமெரிக்காவின் பெட்ரோல் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் காத்துக் கிடந்தன. அக்காலத்து அமெரிக்கக் கார்கள் நீளமானவை, கனமானவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு அவை சராசரியாக ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்தான் ஓடின. பெட்ரோல் மலிவாகக் கிடைத்தவரை அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1975ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் புதிய கார்கள் அனைத்தின் சராசரி கணக்கிடப்படும். 1985ஆம் ஆண்டுக்குள் அந்தச் சராசரி ஒரு கேலனுக்கு 27.5 மைலை, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டரை, எட்ட வேண்டும். தவறினால் அபராதம். பெரிய கார்களை விற்கக்கூடாது என்று சட்டம் கூறவில்லை. ஆனால், அவற்றை ஈடுகட்டும் அளவுக்குச் சிக்கனமான கார்களையும் விற்றாக வேண்டியிருந்தது. அதற்கான வழியை நிறுவனங்களே தேடிக்கொள்ளலாம்.

இதற்கிடையே, போட்டியும் கடுமையானது. 1979ஆம் ஆண்டு ஈரானில் புரட்சி வெடித்து எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது, பயனீட்டாளர்கள் ஹோண்டா, டொயோட்டா போன்ற நிறுவனங்களின் சிறிய கார்களை நாடினர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஜப்பானியக் கார். வாடிக்கையாளர்களை இழந்த அமெரிக்க நிறுவனங்கள் கார்களின் எடையைக் குறைத்தன. சிறிய இயந்திரங்களைப் பொருத்தின. முன்சக்கரங்களை இயக்கும் அமைப்புக்கு மாறின.

சட்டமும் போட்டியும் ஒரே காலத்தில் செயல்பட்டதால், எது கார்களை மாற்றியது என்று அப்போது பிரித்துக் கூற இயலவில்லை. 1986ஆம் ஆண்டு எண்ணெய் விலை சரிந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. பெட்ரோல் மலிவானதும், மக்களின் விருப்பம் மீண்டும் பெரிய வாகனங்கள் பக்கம் திரும்பியது. சிக்கனத்திற்காகப் போட்டியிட்ட நிறுவனங்கள் வேகத்திற்காகவும் வசதிக்காகவும் போட்டியிடத் தொடங்கின. அரசாங்கமும் தன் இலக்கைச் சில ஆண்டுகளுக்குத் தளர்த்தியது. எனினும், கார்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதைத் தடுத்தது சட்டம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால், அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. விவசாயிகளும் கைத்தொழில் செய்வோரும் பயன்படுத்தும் சிறு சரக்கு வாகனங்களுக்கு இலக்கு குறைவாக வைக்கப்பட்டிருந்தது. 'எஸ்யூவி' எனப்படும் பெரிய வாகனங்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் சேர்ந்தன. 1990களில் நிறுவனங்கள் அவற்றைக் குடும்ப வாகனங்களாக விளம்பரப்படுத்தி விற்றன. பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றாலும், சட்டத்தின் பார்வையில் அது சரக்கு வாகனம்தான்! விளைவாக, 1987ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற புதிய வாகனங்களின் மொத்தச் சராசரி ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் உயரவே இல்லை. அக்காலத்தில் இயந்திரங்கள் மேம்படாமல் இல்லை. அந்த மேம்பாடு கூடுதல் வேகத்திற்கும் எடைக்கும் செலவானது. கார்களுக்கான 27.5 மைல் இலக்கோ 1990 முதல் 2010 வரை மாற்றப்படவே இல்லை.

ஜப்பான் வேறொரு வழியை முயன்றது. 1999ஆம் ஆண்டு அங்கு நடப்புக்கு வந்த 'டாப் ரன்னர்' திட்டத்தில், கார்கள் எடைக்கேற்பப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவிலும் அப்போது சந்தையில் மிகச் சிக்கனமாக ஓடிய கார் எதுவோ, அதை ஒட்டியே அனைத்து நிறுவனங்களுக்கும் இலக்கு வகுக்கப்பட்டது. ஒரு நிறுவனம் ஏற்கெனவே செய்துகாட்டியதை மற்றவர்கள் முடியாது என்று மறுக்க இயலவில்லை. 2010ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கைப் பல கார்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எட்டிவிட்டன. இங்கும் ஓட்டை இல்லாமல் இல்லை. கனமான பிரிவுக்கு இலக்கு எளிது என்பதால், காரின் எடையைச் சற்றே கூட்டி அடுத்த பிரிவில் சேர்த்துக்கொண்ட நிறுவனங்களும் உண்டு.