குறட்டை நிற்கும் நேரம்

பிற்பகல் மூன்று மணி. தாம்பரம் சண்முகம் சாலையில் வெயில் கொளுத்துகிறது. வாடிக்கையாளர் வரத்து குறைவு. கல்லாவில் உட்கார்ந்தபடியே முதலாளி கண்ணயர்ந்துவிடுகிறார். விடியற்காலையிலேயே கோயம்பேட்டுக்குக் கொள்முதலுக்குப் போய் வந்த மனிதர், தூங்காமல் என்ன செய்வார் என்று நாமும் விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் கடை விடுமுறையன்று எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தும் அதே அசதி இருந்தால், காரணம் வேறாக இருக்கலாம்.

குரோம்பேட்டை பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூன்று வகை மாத்திரை சாப்பிட்டும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை. உப்பைக் குறைத்தார், ஊறுகாயை விட்டார்; பயனில்லை. கடைசியில் டாக்டர் அவருடைய மனைவியை அழைத்து விசாரித்தார். "குறட்டை பழகிப்போச்சு டாக்டர். நடுவுல சத்தம் நின்னுபோகுது பாருங்க, அப்பதான் பயம். எழுப்பலாமான்னு கையை நீட்டுறதுக்குள்ள திணறிக்கிட்டு மூச்சை இழுப்பாரு" என்றாராம் அந்த அம்மாள்.

மருத்துவர்கள் இதை 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகும் வழி மூடிக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு கணக்கு. மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் நோய். 30-ஐத் தாண்டினால் கடுமையான நோய். முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை!

ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி உடம்பைத் தட்டி எழுப்புகிறது. நமக்கு நினைவிருக்காது, ஆனால் இதயம் வேகமெடுக்கிறது, அழுத்தம் எகிறுகிறது. இரவில் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய அழுத்தம் ஓய்வே பெறுவதில்லை. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும் முயற்சியில் இதயச் சுவர்களும் இழுபடுகின்றன. வருடக்கணக்கில் இப்படியே போனால் இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாவற்றுக்கும் வழி திறக்கிறது. இரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்களில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு இந்த மூச்சடைப்பு இருப்பதாக அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் தெரிவித்தது.

2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. திடீர் இதய மரணம் பொதுவாகக் காலை ஆறு மணிக்குப் பிறகுதான் அதிகம். மூச்சடைப்பு உள்ளவர்களிலோ, ஏறக்குறைய பாதிப்பேர் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் இறந்திருந்தார்கள். "ராத்திரி நன்றாகத்தான் படுத்தார், காலையில் எழுந்திருக்கவில்லை" என்று நம் கடைவீதியில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இந்த மூச்சடைப்பும் ஒன்று.

தாம்பரம் சானடோரியம் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கியது. இருமல் என்றால் அங்கே போகத் தெரிந்த நம் பகுதி மக்களுக்கு, குறட்டைக்கும் டாக்டரிடம் போகலாம் என்பது இன்னும் புதுச் செய்திதான். குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் என்று பொருளல்ல. குறட்டையோடு திணறல், காலைத் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர், பகல் தூக்கம் இவையும் சேர்ந்தால் நெஞ்சக மருத்துவரையோ காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ பாருங்கள். குட்டி யானையைத் தாமே ஓட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் வருபவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டையை இன்னும் தளரச் செய்யும்.

ஒரு இரவு சோதனையில் விஷயம் தெரிந்துவிடும். எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். கடுமையாக இருந்தால், 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய 'சிபேப்' கருவி. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும். கடைக்கு ஒரு ஃப்ரீசர் வாங்குகிற அளவுக்குப் பணம் பிடிக்கும். மாரடைப்பை இது தடுத்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். 2016-ல் வெளியான பெரிய ஆய்வில் அது நிரூபணமாகவில்லை. அதில் பங்கேற்றவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூடக் கருவியை அணியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பகல் தூக்கம் குறைவதும், அழுத்தம் ஓரளவு இறங்குவதும் நிச்சயமான லாபம்.

நம் குரோம்பேட்டை நண்பர் முதல் வாரம் முகமூடியைக் கழற்றி வீசினார். இப்போது பழகிவிட்டது. மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் குறைத்திருக்கிறார். வீட்டில் சத்தமே இல்லாமல் போனதால் ஆரம்பத்தில் சில நாட்கள் அந்த அம்மாளுக்குத்தான் தூக்கம் வரவில்லையாம்.