வளர்ப்பு நாய்களுக்கான மலிவு இறைச்சி

வளர்ப்பு நாய்களுக்கான மலிவு இறைச்சி என்பது இறைச்சிக் கடைகளில் மனிதர் அதிகம் விரும்பி வாங்காத, அதனால் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பகுதிகளைக் குறிக்கும். கோழியின் தலை, கால், கழுத்து, இரைப்பை, ஆடு மாடுகளின் நுரையீரல், குடல் ஆகியவை இவற்றுள் அடங்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள சேவூர் போன்ற பட்டு நெசவு ஊர்களில், சேலை முடிந்த பின்பே கூலி பெறும் குடும்பங்களுக்குப் பொட்டல நாய்த்தீவனம் எளிதில் கட்டுப்படியாகாது. இறைச்சிக் கடையில் கிடைக்கும் இப்பகுதிகளை நன்றாக வேகவைத்தால் நல்ல உணவாகும். பச்சையாகக் கொடுத்தால் நாய்க்கு மட்டுமன்றி வீட்டுக் குழந்தைகளுக்கும் நோய் வரக்கூடும்.

நாயின் உணவுத் தேவை

நாய் இறைச்சியை மட்டுமே உண்டு வாழும் விலங்கு அன்று. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு அதிகம். மனிதரை அண்டி வாழ்ந்த நாய்கள் மாவுச்சத்து உணவுக்கும் தகவமைந்துவிட்டன என்பதை இது காட்டுகிறது.

எனவே நாயின் வயிறு முழுவதையும் கறியால் நிரப்பத் தேவையில்லை. ஆரணி பட்டுக்கு மட்டுமன்றி அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். அரிசி ஆலைகளில் கிடைக்கும் நொய், முழு அரிசியைவிட விலை குறைவு. சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கிலோகலோரி தேவைப்படும். 150 கிராம் நொய்யில் அதில் பாதி கிடைக்கும். ஏறத்தாழ 300 கிராம் கோழிக்கறியும் உறுப்புகளும் மீதியைத் தரும். நாயின் வயது, ஓட்டம், உடல்நிலை ஆகியவற்றுக்கு ஏற்ப அளவு மாறும்.

மலிவாகக் கிடைப்பவை

கறிக்கோழியை உயிருடன் நிறுத்து அறுக்கும்போது, அதன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இறகு, இரத்தம், தலை, கால், குடல் எனக் கழிந்துவிடும். இவற்றுள் தலையையும் காலையும் கடைக்காரர்கள் மிகக் குறைந்த விலைக்குக் கொடுப்பதுண்டு. எலும்பில்லாக் கறி எடுத்த பின் மிஞ்சும் கோழி எலும்புக்கூட்டிலும் ஓரளவு சதை ஒட்டியிருக்கும்.

முட்டையிட்டு ஓய்ந்த பின் நாமக்கல் வட்டாரப் பண்ணைகள் விற்கும் முட்டைக்கோழியும் ஒரு வழியாகும். இதன் சதை கடினமானது. நீண்ட நேரம் வேகவைக்க வேண்டும். மாட்டிறைச்சி விற்கும் கடைகளில் நுரையீரல் மலிவாகக் கிடைக்கும்.

பலர் அசைவம் தவிர்க்கும் புரட்டாசி மாதத்தில் கோழி விலை பொதுவாகக் குறையும். ஆடி மாதத்திலும் தீபாவளியை ஒட்டியும் ஆட்டிறைச்சி விலை ஏறும். உறைபெட்டி வசதி உள்ளவர்கள் விலை குறையும்போது வாங்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து வைக்கலாம்.

பச்சையாகக் கொடுப்பதன் ஆபத்து

ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்கர்ஸ்ட் 1993-இல் வெளியிட்ட நூல், பச்சை இறைச்சியும் எலும்பும் கொடுக்கும் முறையை உலகெங்கும் பரப்பியது. ஆனால் சால்மோனெல்லா போன்ற நுண்ணுயிரிகளின் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல் இதற்கு எதிராக அறிவுறுத்தியது. உறைபெட்டியில் வைப்பதால் இந்நுண்ணுயிரிகள் அனைத்தும் அழிவதில்லை.

ஆடு மாடுகளின் உறுப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் ஹைடாடிட் எனப்படும் நீர்க்கட்டிகள் இருக்கலாம். அக்கட்டியை நாய் பச்சையாகத் தின்றால், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நாடாப்புழுக்கள் அதன் குடலில் வளரும். நாய் பெரும்பாலும் நலமாகவே தோன்றும். அதன் மலத்தில் வெளியேறும் முட்டைகள் ரோமத்திலும் மண்ணிலும் ஒட்டி, கை வழியாக மனிதரின் வாய்க்குச் சென்றால், ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி மெல்ல வளரும். பல ஆண்டுகள் கழித்தே அது தெரியவரும். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

ஐஸ்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் இந்நோய் மிகப் பரவலாக இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்டு கிராபே இதைப் பற்றி எழுதிய சிறு நூல் 1860-களில் அங்கே மக்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குக் கிடைக்காமல் அழிப்பதும், நாய்களுக்குக் குடற்புழு நீக்குவதும் வழக்கமாகி, காலப்போக்கில் அங்கே அந்நோய் ஒழிந்தது.

சமைக்கும் முறை

* ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி, கொதிநீரில் 30 நிமிடங்களுக்குக் குறையாமல் வேகவைக்க வேண்டும். கட்டி தென்படும் உறுப்பை வாங்கக் கூடாது.
* கோழி எலும்பைக் குக்கரில் விரலால் நசுங்கும் அளவுக்குக் குழைய வைக்கலாம். நசுங்காத எலும்பை நீக்கிவிட வேண்டும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.
* எலும்பில்லாக் கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டில் அரைத் தேக்கரண்டி, 20 கிலோ நாயின் ஒரு நாள் உணவுக்குப் போதும். குட்டிகளுக்கான அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.
* வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதால், ஈரல் மொத்த இறைச்சியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.
* பச்சை இறைச்சியைத் தொட்ட கை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், மிஞ்சிய பிரியாணியும் கறிக்குழம்பும் நாய்க்கு ஏற்றவை அல்ல. நோயுற்று இறந்த கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் இறைச்சி இலவசமாகக் கிடைத்தாலும் கொடுக்கக் கூடாது. சமைத்த உணவையே உண்ணும் நாயும் தெருவில் கிடக்கும் கழிவைத் தின்றுவிடக்கூடும். ஆகையால் அரசு கால்நடை மருந்தகத்தில் ஆலோசனை பெற்று, உரிய கால இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் அளிப்பது அவசியமாகும்.