அரை மணி நேரப் படகுச் சவாரிக்கும் சட்டம் உண்டு

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் மீண்டும் 22 பேர். இவற்றில் எதுவும் நெடும்பயணம் அல்ல. குழந்தை குட்டிகளோடு சும்மா ஒரு சுற்று போய்வரலாம் என்று ஏறியவர்கள்தான் எல்லோரும்.

தானூர்ப் படகு, மீன்பிடிப் படகைச் சுற்றுலாவுக்காக மாற்றிக் கட்டியது. அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டினார்கள். ஆள் கூடுவது மட்டுமல்ல, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதும் ஆபத்துதான். மேல்தளத்தில் கூட்டம் ஏற ஏறப் படகின் நிலை தளரும். தேக்கடி போன்ற இடங்களில் கரையில் யானையோ காட்டெருமையோ தென்பட்டதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் படகு சாய்ந்துவிடும். உயிர்காப்பு ஜாக்கெட்டை உட்காரும் இருக்கையில் விரித்துப் போடுவது நம் வழக்கம். அதை வாரிறுக்கி மாட்ட வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவு கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. மூடிய கீழ்த்தளத்தில் இருக்கும்போது படகு கவிழ்ந்தால், ஜாக்கெட்டே நம்மைத் தூக்கி உள்ளே முட்டவைத்து வெளியேற விடாமல் தடுக்கும். வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

ஏரி, ஆறு, காயல்களில் ஓடும் எஞ்சின் படகுகளுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு மூன்றும் வேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல மழுப்புகிற படகில் ஏறாதீர்கள்.

காசு கொடுத்து ஏறியவர் நுகர்வோர். ‘சொந்தப் பொறுப்பில் பயணிக்கவும்’ என்று டிக்கெட்டில் அச்சடித்துவிட்டால் படகுக்காரரின் அலட்சியத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணமாகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. படகு டிக்கெட் அந்த வரம்பை எட்டப்போவதில்லை. தேக்கடியில் நடந்ததற்கு மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாத சௌகரியம். இறந்தவர் சார்பில் வாரிசுகளும் கேட்கலாம். உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். நுகர்வோர் வழக்குக்கும் அது கை கொடுக்கும்.

ஆகவே டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். படகின் எண்ணைப் போனில் படமெடுத்து வையுங்கள். கூட்டம் கூடுகிறது என்று தோன்றினால் கிளம்பும் முன்பே இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.