'வால்டன்' சலிப்பூட்டும் நூலா?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். குகைக்கோயிலின் தாமரைத் தடாக ஓவியத்தை வியந்து நோக்கியவர்கள், ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் 17 கற்படுக்கைகளைக் கண்டதும் முகம் சுளித்தார்கள்.

"வெறுங்கல்தானே, ஸார்! தாங்கள் கொடுத்த 'வால்டன்' புத்தகம் போலவே இருக்கிறது" என்றான் ஒருவன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கல்லூரி நாளில் நானும் முதல் அத்தியாயத்தோடு அதை மூடி வைத்தவனே. அமெரிக்காவில் கான்கார்டு என்ற ஊருக்கருகே, வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில், 1845 முதல் 1847 வரை வசித்த ஹென்றி டேவிட் தோரோ 1854-இல் வெளியிட்ட நூல் அது. கதை கிடையாது, எடுத்த எடுப்பிலேயே பலகைக்கு இவ்வளவு, ஆணிக்கு இவ்வளவு என்று கணக்கு! குடிலுக்கு மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். இடையிடையே உபதேசமும் உண்டு. அலுப்புத் தட்டும் பக்கங்கள் இல்லையென்று நான் சாதிக்கமாட்டேன்.

நாற்பது வயதுக்குமேல் அதை மறுபடி எடுத்தேன். அக்காலம் தவணைக் கடனை அடைக்க, மாலைதோறும் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்து வந்தேன். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்காக நாம் கொடுக்கும் ஆயுளே என்பது தோரோவின் கருத்து. அதைப் படித்ததும் என் வீட்டுக் கணக்கைப் புரட்டினேன். வாங்கிய சாமான்களெல்லாம் அதில் இருந்தன. என் குழந்தைகளோடு கழித்திருக்கவேண்டிய மாலைப் பொழுதுகள் எந்தப் பக்கத்திலும் பற்று எழுதப்படவில்லை. அன்றுமுதல் தோரோவின் கணக்கு எனக்குச் சலித்ததில்லை.

நமக்கு அவர் முற்றும் அந்நியருமல்லர். காலையில் கீதை படித்தவர். தம் குளத்தில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைவாசிகளின் தாகந் தீர்க்கும் என்று அந்நூலிலேயே எண்ணி மகிழ்கிறார். அவ்வாறு வந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமித்து வைத்த சென்னைக் கடற்கரைக் கட்டடமே 'ஐஸ் ஹவுஸ்'. இன்று அது விவேகானந்தர் இல்லம்.

கதைப் புத்தகம்போல் ஒரே மூச்சில் படித்தால் 'வால்டன்' சலிக்கத்தான் செய்யும். நாளுக்கு இரண்டு பக்கமாக, வீட்டுக் கணக்கை அருகில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

அம்மாணவனிடம் புத்தகத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. சம்பளம் வாங்கும் வயதில் அவனுக்கு அது வேண்டியிருக்கும்.