எந்தத் தட்டு வரவில்லை?

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் ஒரு பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு மட்டம் போட்டால், காரணம் முதலில் தெரிவது பெரும்பாலும் ஆசிரியருக்கு அல்ல, சமையல்காரம்மாவுக்குத்தான். ஆசிரியர் பொன்னேரியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பஸ் பிடித்து வருபவர். இவரோ அதே தெருக்காரர். அம்மா விடியுமுன்பே மீன் ஏலத்துக்குப் போய்விட, தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிட்டாள் என்பது இவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இன்று பாடு என்பதும் தெரியும். ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. முறை வந்த நாளில் இன்னொரு கை தேவைப்படலாம். வருகைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் இடமில்லை.

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50,000 பேர் வராதபோது மாநிலமே திடுக்கிட்டது. அவர்களில் பலர் வகுப்புக்கே நெடுநாள் வராதவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தேடுவதைவிட மூன்றாம் வகுப்பில் விசாரிப்பது எளிது.

விசாரிக்க ஆளும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. சமைப்பவர்கள் உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களுக்கு முன்னுரிமை. கிச்சடி பரிமாறும்போதே, முதல் மணிக்கு முன்பே, எந்தத் தட்டு வரவில்லை என்று தெரிந்துவிடும். மதியம் சத்துணவுக்காக மறுபடி தலை எண்ணுகிறார்கள். தினம் இரண்டு கணக்கு, இரண்டும் அரிசி அளக்க மட்டுமே!

மூன்றாவது நாளும் தட்டு வராவிட்டால், சமையல்காரம்மா பெயரை வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டு, அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்வரலாம். மிரட்ட அல்ல. “தம்பியையும் கூட்டிட்டு வா, அங்கன்வாடியில விட்டுக்கலாம்” என்று சொன்னால் அக்கா மறுநாள் வந்துவிடுவாள். ஆனால், இதைச் ‘சேவை’ என்று இனாமாகத் தலையில் கட்டக் கூடாது. சத்துணவு ஊழியர்கள் ஏற்கெனவே காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுகிறார்கள். மாலை நடைக்குத் தனிப்படி வேண்டும்.

இருளர் குடியிருப்பில் நிலைமை வேறு. கையால் தடவி இறால் பிடிக்கும் அவர்களுக்குப் பாடு முறையில் பங்கில்லை. அந்த மனத்தாங்கல் பழையது. மீனவர் குப்பத்துப் பெண் போய்க் கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நான் நம்பவில்லை. அங்கே இருளர் பெண் ஒருவரையே உதவியாளராக வைக்க வேண்டும். குடும்பம் செங்கல் சூளைக்குப் பெயர்ந்தால் பிள்ளையும் போய்விடும். எமிஸ் என்னும் மாணவர் அடையாள எண்ணை வைத்து அந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாம், எந்தச் சூளை என்று யாராவது சொன்னால்.