வண்டியறிந்து வாங்குக புத்தகம்

திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தின் மேல் காலை வேளையில் ஓடும் இரு சக்கர வண்டிகளுக்குக் கணக்கில்லை. வாழைத்தாரும் காய்கறி மூட்டையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், காரியாலயம் செல்லும் பெண்மணிகளும் அவற்றையே நம்பியிருக்கின்றனர். வண்டி ஒரு நாள் நின்றால், பல வீடுகளில் அன்றைய வரும்படியும் நின்றுவிடுகிறது. எனவே, சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஆவல் நம் குடும்பங்களில் எழுவது மெச்சத்தக்கதே.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே யந்திர நுட்பம் பயின்றார் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் நாம் எல்லோரும் நாயுடு ஆகிவிட முடியாது. நமக்கு வழிகாட்ட ஒரு புத்தகம் வேண்டும். அது எந்தப் புத்தகம் என்பதில்தான் பலர் ஏமாந்து போகின்றனர்.

வண்டியுடன் இலவசமாக வரும் கையேடு ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் உரியது. எஞ்சினைப் பிரிக்க அது உதவாது. உதிரிபாகப் பட்டியல் சாமான்களின் எண்களைக் கூறும். வேலை செய்யும் முறையைக் கூறாது. பழுது பார்க்கும் முறையை விளக்கும் மூன்றாவது வகை நூலே நாம் தேட வேண்டியது.

அதிலும் வண்டியின் பெயரை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது. 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 முதல் எக்ஸ்.எல். சூப்பர் வரையிலான மொபெட்டுகள் டூ ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலுடன் ஆயிலையும் கலந்தே ஊற்ற வேண்டும். ஆயிலில்லாமல் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்னர் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது; அதற்கு ஆயில் தனியே எஞ்சினுக்குள் இருக்கிறது. அந்த எக்ஸ்.எல். 100-இலும், 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் அமலுக்கு வந்தபோது கார்புரேட்டர் போய், மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் கருவி வந்துவிட்டது. பெயர் ஒன்றே, வேண்டிய புத்தகமோ வேறு! ஆர்.சி.யில் கண்ட தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அந்த வண்டிக்கே உரிய நூலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, உள்ளே புரட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதை நியூட்டன் மீட்டர் கணக்கில் கூறும் அட்டவணை இருக்கிறதா? அலுமினியப் பாகத்தில் அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் மரை போய்விடும். குறைந்தாலோ போல்ட் ஓட்டத்தில் கழன்றுவிடும். பாகங்களைக் கழற்றிய வரிசையிலே காட்டும் படங்களும் மின் கம்பிகளின் படமும் தெளிவாக உள்ளனவா? இங்கிலாந்தில் ஜான் ஹேன்ஸ் என்பவர் 1966-இல் தொடங்கிய நூல் வரிசை உலகப் புகழ் பெற்றதன் காரணம், உண்மையான வண்டி ஒன்றை முழுவதும் பிரித்துப் பூட்டி, படிப்படியாகப் படம் பிடித்து எழுதியதே. நேரில் செய்து பாராதவர் எழுதிய நூல் எங்கே ஸ்பானர் நுழையாது என்பதைச் சொல்லாது. எந்த வேலையைப் பட்டறைக்கே விட வேண்டும் என்று எச்சரிக்கும் நூல் இன்னும் நல்லது. பிரேக்கில் நேரும் பிழை உயிரோடு விளையாடுவதாகும்.

கடைசிச் சோதனை, படிப்பவருக்கு அது விளங்குகிறதா என்பது. கம்பெனிகளின் பழுது பார்க்கும் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. 'இதைச் செய்யாதே' என்ற ஒரு வரி விளங்காமற் போனாலும் ஓர் எஞ்சின் பாழாகும். தொழிற்கல்வியைத் தமிழில் சொல்ல முடியாது என்பாருக்குச் சென்னை கிண்டியிலுள்ள 'நிமி' நிறுவனமே விடை. அது ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பாடநூல்களைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது. வாகன மெக்கானிக் பாடத்தை அத்தகைய நூலில் முதலில் பயின்றுவிட்டு, பிறகு நம் வண்டிக்குரிய நூலைத் திறப்பதே நேர்வழி.

நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்தது பொன்மலைப் பட்டறை. அத்தகைய கைத்திறன் விளங்கும் ஊரில், வீட்டு வாசலில் நிற்கும் மொபெட்டைப் பற்றித் தாய்மொழியில் படிக்க ஒருவர் விரும்புவது பேராசை ஆகாது. தமிழ் நூலுடன் விற்கப்படும் வண்டியே வேண்டும் என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கட்டும்; நூல் தானே வந்து சேரும்.